சுவருக்கு ஒரு சட்டை

திண்டுக்கல் ஆர்.எம். காலனியில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னை வேலை பார்க்கக் கூப்பிட்டது ராத்திரி ஒன்பது மணிக்கு. "பகல்ல வந்தா உங்களுக்குப் புரியாது மேஸ்திரி, சாப்பிட்டுட்டு நிதானமா வாங்க" என்றார். கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த மே மாதம். படுக்கையறைக்குள் கூட்டிப்போய், லைட்டைக்கூடப் போடாமல் என் கையைப் பிடித்து மேற்குச் சுவரில் வைத்தார். அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. கையைச் சுடவில்லை, ஆனால் எடுக்கிற வரைக்கும் விடாத சூடு. கட்டிலைச் சுவரை விட்டு நாலடி தள்ளிப் போட்டிருந்தார்கள்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வாங்கின வெயிலை உடனே உள்ளே அனுப்பாது. பிற்பகல் மூன்று மணிக்கு வெளியே ஏறுகிற சூடு மெல்ல மெல்ல நகர்ந்து உள்பக்கம் வந்து சேர ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். மனுசன் பாயை விரிக்கிற நேரம் பார்த்து, வட்டிக்குக் கொடுத்தவன் மாதிரி வாசலில் வந்து நிற்கும். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது, இயற்பியல் வாத்தியார். தெரியவேண்டியது ஒன்றுதான்: "துபாய்ல சுவருக்குச் சட்டை போட்டீங்களாமே, அதை இங்க போட முடியுமா?"

போட்டேன். அதில் நான் செய்த தப்பைச் சொல்வதற்கு முன்னால், சட்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா சுண்ணாம்புக் கொத்தனார். நான் சிமெண்டுக் கொத்தனார். பதினெட்டு வயதில் அப்பாவோடு சாரம் ஏறி, இருபத்தாறு வயதில் விசா எடுத்து, எட்டு வருசம் சார்ஜாவில் தங்கி துபாயில் வேலை பார்த்தேன். துபாய் நகராட்சி 2003-லேயே கட்டடங்களுக்கான வெப்பக் காப்பு விதிகளைக் கொண்டுவந்துவிட்டது. அதனால் நான் போய் இறங்கியபோது, பூச்சு வேலை தெரிந்தவன் என்றால் வெறும் சிமெண்டு பூசத் தெரிந்தால் போதாது, சுவருக்கு மேல் தெர்மாகோல் ஒட்டி அதற்கு மேல் பூசவும் தெரியவேண்டும் என்றார்கள். கடையில் ரேடியோ வாங்கினால் சுற்றிவருமே, அந்தத் தெர்மாகோலா என்று முதல் நாள் சிரித்தேன். அதே சாமான்தான், கொஞ்சம் கெட்டியானது, தீயை வேகமாகப் பிடிக்காத மருந்து சேர்த்தது. செங்கல்லோடு ஒப்பிட்டால் சூட்டைக் கடத்துவது இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது.

முதலில் சுவரைக் கழுவி, மட்டம் பார்த்து, பசைக் கலவையைப் பலகையின் முதுகில் ஓரம் சுற்றித் தடவி, நடுவில் நாலைந்து உருண்டை வைத்து ஒட்டவேண்டும். செங்கல் கட்டுகிற மாதிரி ஒரு வரிசைக்கு ஒரு வரிசை இணைப்பு மாறி வரணும். காய்ந்த பிறகு காளான் தலை மாதிரி அகன்ற பிளாஸ்டிக் ஆணியை அடித்து இறுக்கணும். மேலே மூன்று நாலு மில்லிமீட்டருக்கு அடிப்பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலையை உள்ளே அமுக்கணும். வலைக்கு வலை நாலு விரல் ஏறி உட்காரணும். வலை வெளியே தெரியக்கூடாது. அடியில் போய்த் தெர்மாகோலைத் தொடவும் கூடாது. பூச்சின் நடுவயிற்றில் நிற்கணும். அது காய்ந்து பிரைமர் அடித்து, கடைசியாகத்தான் டெக்ஸ்சர். பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கடைசி ரெண்டு மில்லிமீட்டர் மட்டும்தான். அதைத்தான் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள்.

எங்கள் ஃபோர்மேன் தலைச்சேரிக்காரர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஜன்னல் மூலைகளை மட்டும் பார்ப்பார். மற்ற இடத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். ஜன்னலின் நாலு மூலையிலும் ஒரு சாண் நீள வலைத் துண்டைச் சாய்வாக, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டுகிற மாதிரி, பெரிய வலைக்கு அடியில் ஒட்டியிருக்க வேண்டும். சுவர் வெயிலில் நீண்டு ராத்திரியில் சுருங்கும்போது இழுபடுவதெல்லாம் அந்த மூலையில் வந்துதான் சேரும். துண்டு வைக்காத மூலையிலிருந்து ஒரு வருசத்துக்குள் கோணலாக ஒரு கீறல் கிளம்பும். அது தலைமுடி அளவுதான் இருக்கும், மழைக்கு அது போதும். கட்டி முடித்த கட்டடத்தில் எவன் துண்டு வைத்தான், எவன் ஏமாற்றினான் என்று அடுத்த வருசம் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் என் கண் முதலில் ஜன்னல் மூலைக்குத்தான் போகிறது. என் வீட்டுக்காரிக்கு இதில் பெரிய சலிப்பு.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அங்கே மதியம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். மனுசனுக்காகப் போட்டது, பூச்சுக்கும் அதுதான் நல்லது. வெயிலடிக்கிற சுவரில் டெக்ஸ்சர் இழுத்தால் ஒரு கை இழுத்துவிட்டு அடுத்த கை வருவதற்குள் காய்ந்து, நடுவில் வடு விழும். அந்த வடுவை அழிக்க முடியாது. நிழலைத் துரத்திக்கொண்டுதான் வேலை செய்யணும்: காலையில் மேற்குச் சுவர், சாயங்காலம் கிழக்கு. நம்மூரில் ஆடி மாதத்துக் காற்றில் சாதாரண சிமெண்டுப் பூச்சுக்கே இதுதான் கதி. பூசின அரை மணியில் தண்ணீரைக் காற்று உறிஞ்சிவிட்டுப் போனால் பாம்புச் சட்டை மாதிரி மேலெல்லாம் வெடிப்பு விடும்.

வாத்தியார் வீட்டுக்கு வருகிறேன். மேற்குச் சுவர் முழுக்க ரெண்டு அங்குலத் தெர்மாகோல், வலை, மூலைத்துண்டு எல்லாம் ஃபோர்மேன் மெச்சுகிற மாதிரி வைத்து, வெளிர் நிறத்தில் டெக்ஸ்சர் இழுத்துக் கொடுத்தேன். தரையிலிருந்து ஒரு அடி விட்டுத்தான் ஆரம்பித்தேன். நம்மூர் கரையானுக்குத் தெர்மாகோல் சாப்பாடு இல்லை, ஆனால் குடைந்து வீடு கட்ட அதைவிட வசதியான இடம் கிடையாது. மண்ணைத் தொட்டுக்கொண்டு ஒட்டினால் உள்ளுக்குள்ளேயே ஏறி ஜன்னல் கட்டைக்குப் போய்விடும். சமையலறைப் புகை வெளியே வருகிற இடத்தைச் சுற்றியும் தெர்மாகோல் வைக்காமல் கல் பஞ்சு வைத்தேன். 2015 டிசம்பர் 31 ராத்திரி துபாயில் ஒரு பெரிய ஓட்டல் கட்டடத்தின் வெளிச்சுவர் பற்றி எரிந்ததை ஊரில் உட்கார்ந்து டிவியில் பார்த்தவன் நான். 2017-ல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் வெளிச்சுவரில் போர்த்திய உறை வழியாகத் தீ ஏறி 72 பேர் செத்தார்கள். அந்த ரெண்டிலும் இருந்தது நான் ஒட்டுகிற சாமான் இல்லை, வேறு உறை. இருந்தாலும் சுவருக்குப் போடுகிற சட்டையும் தீப்பிடிக்கும் என்பது அன்றைக்கு மனசில் ஏறியது இறங்கவில்லை.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்து வாத்தியார் மறுபடி ராத்திரி கூப்பிட்டார். சுவரில் கையை வைத்தேன். குளுகுளுவென்று இருந்தது. பெருமையாகத் திரும்பினேன்.

"சுவர் குளுந்துபோச்சு மேஸ்திரி. வீடு குளிரலையே" என்றார்.

அண்ணாந்து பார்த்தேன். மேலே வெறும் நாலரை அங்குல கான்கிரீட், அதற்கு மேல் சிமெண்டுத் தளம், கறுத்துப்போய்க் கிடந்தது. திண்டுக்கல் இருப்பது பத்தரை டிகிரி அட்சரேகைக்குக் கொஞ்சம் கீழே. சித்திரை முதல் வாரத்தில் மதியச் சூரியன் நேராக உச்சந்தலையில் நிற்கும். அப்புறம் வடக்கே சாய்ந்து, ஆவணியில் மறுபடி ஒருமுறை உச்சிக்கு வரும். இந்த ஊரில் ஒற்றை மாடி வீட்டுக்கு வெயில் இறங்குவது முதலில் தலை வழியாக, பிறகுதான் விலா வழியாக. ஜெர்மனிக்காரன் ஐம்பதுகளின் கடைசியில் சுவருக்குத் தெர்மாகோல் ஒட்ட ஆரம்பித்தது வீட்டுக்குள் இருக்கிற கணப்புச் சூடு வெளியே போகாமல் இருக்க. துபாயில் ஒட்டியது ஏசிக் குளிர் வெளியே போகாமல் இருக்க, அதுவும் மாடிமேல் மாடி, தலையை விடச் சுவர்தான் அதிகம். நான் அந்தக் கட்டடத்துக்குத் தைத்த சட்டையைக் கொண்டுவந்து, தொப்பி இல்லாத ஆளுக்கு மாட்டிவிட்டேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் இல்லை, புது வித்தையைக் காட்டுகிற ஆசை.

மாடிக்குச் செங்கல் ஜல்லி போட்டுச் சுண்ணாம்பில் சுருக்கி போடுவதெல்லாம் அப்பா காலத்தில் எந்த வீட்டிலும் கேட்காமலே செய்வது. மேலே தட்டோடு பதித்தால் முடிந்தது. இப்போது அதை வெட்டிச் செலவு என்று நிறுத்திவிட்டார்கள். வாத்தியார் வீட்டுக்குக் கூலியைப் பாதியாக வாங்கிக்கொண்டு சாய்வு போட்டு, வெள்ளை ஓடு பதித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வீடு குளிர்ந்தது. அவர் சம்சாரத்துக்கு மட்டும் ஒரு குறை: "முன்ன ரெண்டு நாள்ல காய்ஞ்ச வத்தல் இப்ப மூணு நாள் ஆகுது தம்பி."

சின்னாளபட்டியில் இன்னொரு மேற்குச் சுவர் வந்தது. ஒடுக்கமான சந்து. பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு அங்குலம் என்றதும் சண்டைக்கு வந்துவிட்டார். அதில் நியாயம் இருந்தது, சைக்கிள் போகிற இடத்தில் ரெண்டு அங்குலம் பெரிய விசயம். அங்கே வெர்மிகுலைட் பூச்சு போட்டேன். பார்க்க மைக்கா மாதிரி மினுமினுக்கிற கனிமம். நல்ல சூட்டில் காட்டினால் நெல் பொரிகிற மாதிரி பல மடங்கு உப்பி, உள்ளே காற்றை வைத்துக்கொள்ளும். திருப்பத்தூர் பக்கம் சேவாத்தூரில் அரசாங்கத்தின் டாமின் நிறுவனமே இதைத் தோண்டி எடுக்கிறது. நம் மண்ணில் கிடைக்கிற சாமான் நம் கொத்தனார்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. மணலுக்குப் பதில் அதைப் போட்டுச் சிமெண்டோடு கலக்கவேண்டும். கலக்குகிற ஆளுக்குத்தான் இதில் சோதனை. மம்பட்டியால் சிமெண்டுக் கலவையைப் புரட்டுகிற மாதிரி புரட்டினால் பொரி நொறுங்கித் தூளாகிவிடும், அப்புறம் அது வெறும் மண். என் சித்தாள் அக்கா ஒருத்தர், "அவல்ல சர்க்கரை கலக்குற மாதிரிதானே, விடுங்க நான் பாத்துக்கிறேன்" என்று கையாலேயே கலந்தார். பூசும்போதும் மணியாஸ் கட்டையை அமுக்கித் தேய்க்கக்கூடாது. தண்ணீரைக் குடிக்கிற பூச்சு என்பதால் மேலே கால் அங்குலம் கெட்டிப் பூச்சும் பெயிண்டும் கட்டாயம். தெர்மாகோல் அளவுக்குத் தடுக்காது. இடம் இல்லாத இடத்தில் இது போதும்.

சிறுமலைக்கு என்னைக் கூட்டிப்போனது இந்தப் பேரெல்லாம்தான். "வெப்பக் காப்பு மேஸ்திரி" என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலை இருபத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கீழே சட்டை முதுகில் ஒட்டுகிற அதே மாலையில் மேலே பழையூரில் மேகம் ரோட்டைக் கடந்துபோகும். காப்பி, மிளகு, வாழை, பலா, எலுமிச்சை என்று எல்லாம் நனைந்தபடி நிற்கும். அகஸ்தியர்புரம் போகிற வழியில் ஒரு தோட்டத்து வீடு. ரெண்டடி கனத்துக் கல் சுவர், மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. அதற்கு மேல் யாரோ பின்னால் சிமெண்டு பூசி, அதற்கு மேல் தண்ணீர் புகாத பெயிண்டு என்று இரண்டு கோட்டிங் அடித்திருந்தார்கள். விருந்தினருக்கு வாடகைக்கு விடப்போகிறோம், உள்ளே குளிர் அடிக்கிறது, சட்டை போடுங்கள் என்றார் முதலாளி.

ரோடு தோட்டம் வரைக்கும் இல்லை. வாழைத்தார் சுமக்கிற குதிரைகளில்தான் சாமான் போனது. தெர்மாகோல் கட்டைக் குதிரை முதுகில் ஏற்றியபோது, இவ்வளவு பெரிய பாரம் இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. குதிரைக்காரர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

ஒரு சுவருக்கு ஒட்டி, அடிப்பூச்சு முடித்து, டெக்ஸ்சர் இழுத்தோம். கீழே என்றால் நாலு மணி நேரத்தில் தொடலாம். இங்கே மறுநாள் காலையிலும் விரல் பதிந்தது. சாயங்காலம் மழை. காலையில் போய்ப் பார்த்தால் அழுத பெண்ணின் கண்மை மாதிரி சுவர் முழுக்க வழிந்திருந்தது. அதையாவது சுரண்டிவிட்டு மறுபடி இழுக்கலாம். பக்கத்துச் சுவரில் பழைய பெயிண்டு அப்பளம் அப்பளமாக உப்பியிருந்தது. ஒன்றைக் கரணை முனையால் குத்தினேன். உள்ளேயிருந்து தண்ணீர் பீய்ச்சியது. வெளியிலிருந்து புகுந்த தண்ணீர் இல்லை. கல் சுவர் அஸ்திவாரத்திலிருந்து உறிஞ்சிய ஈரம், வெளியே போக வழியில்லாமல் பெயிண்டுத் தோலுக்கு அடியில் தேங்கி நின்றது. உள்ளே குளிர் அடிப்பது மலைக் குளிரால் பாதி, நனைந்த சுவரால் பாதி. நனைந்த ஆளுக்கு மழைக்கோட்டு மாட்டிப் பொத்தானைப் பூட்டப்போயிருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி, சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது, சாரம் ஏறுவதை விட்டுப் பல வருசம். முழுக்கக் கேட்டுவிட்டு, "சிமெண்டை உரிச்சுட்டியா?" என்றார். இல்லை என்றேன். "உரிச்சுட்டு ஒரு மாசம் விடு. அது முதல்ல மூச்சு விடட்டும். மாசி பொறக்கவும் நான் வர்றேன்."

வந்தார். மாசி, பங்குனியில்தான் சிறுமலை கொஞ்சம் காய்கிறது. சூளைக் கல்சுண்ணாம்பைத் தோட்டத்திலேயே குழி வெட்டித் தாளித்தார். தண்ணீர் விட்டதும் குமுறிக் கொதிக்கிற அந்தச் சத்தத்தை நான் இருபது வருசத்துக்குப் பிறகு கேட்டேன். வேலைக்கு இறங்குமுன் எல்லோர் கையிலும் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார்; கண்ணில் பட்டால் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தனியாக மூடி வைத்தார். சுண்ணாம்பைப் பத்து நாள் சாக்கு போட்டு மூடி ஊறவிட்டார். இன்னொரு பானையில் இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறின. நாலாம் நாள் அதிலிருந்து வந்த புளித்த வாடையில் நான் பத்து வயதுப் பையனாகிவிட்டேன். அப்பாவின் வேட்டியில் எப்போதும் இருந்த வாடை அது. மணலோடு சலித்த செங்கல் பொடியும் சேர்த்தார். வெறும் சுண்ணாம்பு காற்றைக் குடித்துத்தான் இறுகும், செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும் என்பது அவர் கணக்கு. பதம் பார்க்க அவரிடம் ஒரே சோதனைதான். கரணையில் கலவையை அள்ளித் தலைகீழாகக் கவிழ்ப்பார். உடனே விழுந்தால் தண்ணி ஜாஸ்தி, விழாமல் ஒட்டிக்கொண்டால் அரைத்தது போதாது. ரெண்டு நொடி நின்று, வழுக்கி, கரணையைச் சுத்தமாக விட்டுவிட்டு விழணும்.

மூன்று கை பூசினோம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாள் கணக்கில் விட்டு. கீழே ஊரில் சுண்ணாம்புப் பூச்சுக்கு ஈரச் சாக்கு கட்டி, தண்ணி தெளித்துக் கெஞ்சவேண்டும். இங்கே அந்த வேலையைப் பனியே செய்தது. கடைசியாக நைஸ் சுண்ணாம்பை வலைத்துணியில் வடிகட்டி மூன்று தடவை மெல்லிசாக அடித்தோம். டெக்ஸ்சர் இல்லை, வடிவம் இல்லை. மழை பெய்தால் சுவர் கறுக்கும், வெயிலடித்தால் ரெண்டு மணி நேரத்தில் வெளுக்கும். முதலாளிக்கு அது கறை மாதிரி தெரிந்தது. "இது என்ன மேஸ்திரி, திட்டுத்திட்டா?" அப்பா பதில் சொன்னார்: "வேர்க்குதுங்கய்யா." அடுத்த மழைக்காலம் முடிந்து உள்ளே போய்ப் பார்த்தேன், துணி மடித்து வைத்தால் பூஞ்சை வாடை வரவில்லை. குளிர் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. மலையில் குளிராமல் எப்படி?

நான் ஒட்டிய அந்த ஒற்றைத் தெர்மாகோல் சுவரை அப்படியே விட்டிருந்தோம், அவுட்ஹவுஸ் பக்கம்தானே என்று. ஒரு ராத்திரி காட்டுமாடு வந்து முதுகைச் சொறிந்துகொண்டு போயிருக்கிறது. காலையில் பார்த்தால் ஒரு கதவு அகலத்துக்கு வலை கிழிந்து, வெள்ளை உருண்டைகள் காப்பிச் செடிக்கு அடியெல்லாம் பனி கொட்டின மாதிரி. அதைப் பொறுக்கி எடுக்க மூன்று நாள் ஆனது. துபாயில் பருந்து, காற்று, மணல் எல்லாவற்றுக்கும் சோதித்த சுவர். காட்டுமாட்டை யார் யோசித்தார்கள்? அதையும் உரித்துச் சுண்ணாம்பே பூசினோம்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். வேலை நடந்தபோது அப்பாவுக்குக் கட்டங்காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். போகும்போது அப்பா ஒரு பானை ஊறின சுண்ணாம்பையும் தன் பழைய கரணையையும் அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அந்தக் கரணை எனக்கு வரும் என்று இருந்தேன். போன தை மாதம் வேறு வேலையாக மேலே போனபோது எட்டிப் பார்த்தேன். காட்டுமாடு இன்னும் வந்து அதே மூலையில்தான் உரசுகிறதாம். உரசின இடத்தில் எல்லாம் புதுச் சுண்ணாம்பு, கரணை தெரியாத இடங்களில் ஐந்து விரல் தடம். தட்டிப் பார்த்தேன், கெட்டியாக ஒலித்தது. என்னக்கா கலந்தீங்க என்று கேட்டேன்.

"அப்பா சொன்னதுதான். கடுக்காய் மட்டும் கொஞ்சம் கூட. நீங்க போட்டதவிட இதுதான் தம்பி நிக்குது" என்றார்.